ஜிந்தா திலிஸ்மாத்தும் நம் அஞ்சறைப் பெட்டியும்

செகந்திராபாத்திலிருந்து காஜிப்பேட்டைப் பக்கம் செல்லும் இருப்புப்பாதையின் அருகே, வானை நோக்கிக் கவிழ்த்து வைத்த பெருங்கலம் போல் ஒரு பாறைக்குன்று எழுந்து நிற்கிறது. அதுவே மௌலா அலி. ஊருக்குப் பெயர் தந்தது அக்குன்றின் உச்சியிலுள்ள தர்கா. இப்ராகிம் குதுப் ஷா கோல்கொண்டாவில் அரசு செலுத்திய நாளில், 1578ஆம் ஆண்டில், அரண்மனைப் பணியாளராகிய யாகூத் என்பவர் உடல்நலம் குன்றி லாலாகுடாவில் தங்கியிருந்தாராம். பச்சையாடை உடுத்த ஒருவர் கனவில் தோன்றி அவரைக் குன்றின்மேல் அழைத்துச் சென்றாராம். அங்கே ஹஜ்ரத் அலி பாறைமீது கையூன்றி அமர்ந்திருக்கக் கண்டு, விழித்தபின் சென்று தேடியபோது பாறையில் கைச்சுவடு தென்பட்டதாம். கதை அவ்வாறு வழங்குகிறது. நலம் குன்றிய ஒருவரின் கனவில் தொடங்கிய ஊர் இது என்பதை இக்கட்டுரையின் பொருட்டு நினைவில் நிறுத்திக்கொள்ளுதல் நலம். குன்றின் அடிவாரத்தில் உருதுக் கவிஞர் மாலகா பாய் சந்தாவின் கல்லறையும் உள்ளது. 1824இல் மறைந்த அவ்வம்மையாரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். இப்போது நம் பொருள் வேறு.

தமிழர் இப்பகுதிக்கு வந்த வரலாறு பட்டாளத்தோடு தொடங்குவது. 1806இல் செகந்திராபாத் பாசறை அமைந்தபோது அங்கு நிறுத்தப்பட்டவை சென்னை மாகாணப் படைகளே. படையின் பின்னே வணிகரும் ஒப்பந்தக்காரரும் சமையற்காரரும் எழுத்தரும் வந்தனர். 1874இல் வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு இருப்புப்பாதை வந்தது. 1893இல் லாலாகுடாவில் பணிமனை எழுந்தது. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தென்மத்திய இரயில்வே செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தது. அடுத்த ஆண்டே இ.சி.ஐ.எல். நிறுவனமும், 1971இல் அணுஎரிபொருள் தொகுதியும் இவ்வட்டாரத்தில் தோன்றின. இவற்றுள் ஏதேனும் ஒன்றின் ஊதியப் பட்டியலில் தந்தையின் பெயரோ பாட்டனாரின் பெயரோ இல்லாத தமிழ்க் குடும்பத்தை மௌலா அலிப் பக்கம் காண்பது அரிது.

இவ்வாறு வந்த நம்மவர் தம் அஞ்சறைப் பெட்டியையும் கூடவே கொண்டுவந்தனர். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வசம்பு, சித்தரத்தை ஆகியவற்றைக் கொண்டு காய்ச்சலையும் கபத்தையும் வயிற்று உப்புசத்தையும் வீட்டளவில் கையாளும் திறம் நம் பாட்டிமார்க்கு இருந்தது. ஆயினும் புது ஊரில் வசம்பு வேண்டுமெனக் கடைக்காரரிடம் கேட்கத் தெலுங்குச் சொல்லோ உருதுச் சொல்லோ தெரிய வேண்டுமே! அந்த இடைவெளியில்தான், அண்டை வீட்டு அம்மையார் நீட்டிய ஒரு சிறு கண்ணாடிப் புட்டி நம் இல்லங்களுள் நுழைந்தது. செம்பழுப்பு நிறமான நெய்ப்பொருள். மூடியைத் திறந்ததும் கண்ணில் நீர் வரவழைக்கும் காரமணம். மேலுறையில் கரிய வீரன் ஒருவனின் உருவம். பெயர் ஜிந்தா திலிஸ்மாத்.

இம்மருந்தை ஐதராபாத்தில் 1920ஆம் ஆண்டு ஹக்கீம் முகம்மது மொய்சுத்தீன் பாரூக்கி என்பார் செய்து விற்கத் தொடங்கினார். 'கார்கானா' என்றால் தொழிற்சாலை. கார்கானா ஜிந்தா திலிஸ்மாத் இன்றும் ஐதராபாத்து அம்பர்பேட்டைப் பகுதியில், அவர்தம் வழியினரால் நடத்தப்பெற்று வருகிறது. 2020இல் நூறாண்டு நிறைவெய்தியது. மேலுறை வீரன் யார் எனின், நிசாமின் படையில் பணிபுரிந்த சித்தி மரபினன். ஆப்பிரிக்கக் குதிரைப்படைக் காவலர் தங்கியிருந்த இடமே இன்று 'ஏ.சி. கார்ட்ஸ்' என வழங்கும் பகுதி. அவ்வீரர்களின் உடலுறுதியையும் நம்பகத்தையும் தம் மருந்துக்கு அடையாளமாக்கினார் ஹக்கீம். எழுத்தறியாத ஏழையும் படத்தைச் சுட்டி மருந்தை வாங்கினான். விளம்பரக் கலையில் அது பெரிய வெற்றியே.

1920 என்னும் ஆண்டைச் சற்று நின்று நோக்க வேண்டும். 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருக்கெடுத்து நகரைச் சூறையாடியது. 1911இல் கொள்ளைநோய் வந்தது. 1918இல் உலகெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. இன்னொரு பக்கம், மேலை மருத்துவத்தின் பெருஞ்செயல்கள் சிலவும் இதே மண்ணில் நிகழ்ந்திருந்தன. குளோரோபாரம் பாதுகாப்பானதா என ஆராய 1888இலும் 1889இலும் குழுக்கள் அமர்ந்தது ஐதராபாத்தில். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் கண்டது செகந்திராபாத்துப் பேகம்பேட்டையில். எனினும் அறிவு இருந்த இடத்திலெல்லாம் மருத்துவர் இருந்தாரல்லர். சிற்றூர்க் குடியானவனுக்கு எட்டக்கூடியது, காசுக்குக் கிடைக்கும் ஒரு புட்டிதான். அக்காலத்தில் இந்திய மருத்துவ முறைகளும் தம்மைக் காத்துக்கொள்ள முனைந்திருந்தன. ஹக்கீம் அஜ்மல் கான் முயற்சியால் எழுந்த தில்லித் திப்பியாக் கல்லூரியைக் காந்தியடிகள் 1921இல் திறந்து வைத்தார். சென்னையில் முகம்மது உசுமான் தலைமையிலான குழுவின் அறிக்கையை அடுத்து, 1925இல் சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றையும் ஒரே கூரையின்கீழ்ப் பயிற்றும் அரசினர் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. ஆகவே யூனானி மருத்துவம் தமிழ்நாட்டுக்கு அயலது என்று கருதுவோர் அப்பள்ளியின் வரலாற்றைப் படித்தறிதல் வேண்டும்.

யூனானி என்னும் சொல்லே நமக்குப் புதிதன்று. கிரேக்கரின் அயோனியா நாட்டுப் பெயரே அரபியில் 'யூனான்' ஆயிற்று. அதே வேரிலிருந்து வந்ததே நம் சங்கப் பாடல்களில் வரும் 'யவனர்' என்ற பெயரும். யவனர் கலம் ஏறி மிளகுக்கு வந்தனர் என்று படித்த நாம், யவன மருத்துவம் என்று யூனானியை அழைத்திருந்தால் எத்துணை எளிதாக உறவு விளங்கியிருக்கும்! இன்னும் ஒரு வியப்பு. 'திலிஸ்ம்' என்பதும் கிரேக்கத்தில் 'டெலஸ்மா' எனத் தொடங்கி அரபி வழியாக வந்த சொல். ஆங்கிலத்தில் தாயத்தைக் குறிக்கும் 'டாலிஸ்மன்' இதன் உடன்பிறப்பு. 'ஜிந்தா' என்பது பாரசீகம்; உயிருள்ளது எனப் பொருள்படும். உயிருள்ள மாயம் என்பதே மருந்தின் பெயர். நம் சித்தர்கள் வளி, அழல், ஐயம் என மூன்று வைத்தனர். யூனானியார் குருதி, கபம், மஞ்சட் பித்தம், கரும்பித்தம் என நான்கு வைத்தனர். கணக்கு வேறானாலும் மழைக்காலத்தில் நெஞ்சில் கட்டிக்கொள்ளும் கபத்தை இரு சாராரும் ஒன்றேபோல் அறிந்திருந்தனர்.

இனிப் புட்டியினுள் நோக்குவோம். பெரும்பகுதி யூகலிப்டஸ் எண்ணெய். அதனோடு கற்பூரம், மெந்தால் எனப்படும் புதினா உப்பு, தைமால் எனப்படும் ஓம உப்பு, நிறத்துக்கு ரதன்ஜோத் வேர். இப்பட்டியலை முதன்முறை அறிந்தபோது நம்முள் பலர் புன்முறுவல் பூத்திருப்பர். ஏனெனில் இவற்றுள் நம் வீட்டுக்கு அந்நியமானது எதுவுமில்லை!

யூகலிப்டஸ் ஆஸ்திரேலிய மரம். அதன் இலையெண்ணெயை வணிகமுறையில் முதலில் வடித்தவர் மெல்போர்ன் நகரின் ஜோசப் பொசிஸ்டோ, ஆண்டு 1852. அம்மரம் நீலகிரியில் 1843இல் ஊன்றப்பெற்றது. உதகையின் குளிரில் எரிக்க விறகு வேண்டும் என்பதற்காகவே பின்னர்த் தோட்டம் தோட்டமாக வளர்த்தனர். நம் மக்கள் அதன் மணம் கண்டு கற்பூரமரம் என்றனர். தைலமரம் என்றும் அழைத்தனர். உதிர்ந்த இலைகளைக் கூட்டி, குடிசைகளில் அண்டா வைத்து வடித்த எண்ணெய் மலையிறங்கிச் சென்றது. அது சென்ற இடமெல்லாம் தன் ஊர்ப் பெயரையே பெயராகப் பெற்றது. இந்தி பேசுவோருக்கு அது 'நீல்கிரி கா தேல்'. தெலுங்கர்க்கு 'நீலகிரி தைலம்'. புட்டியிலுள்ள எண்ணெய் எந்நாட்டு மரத்தினது ஆயினும், ஐதராபாத்துக் கிழவர் ஒருவர் அதைச் சொல்லும்போது தமிழ்நாட்டு மலையொன்றின் பெயரைச் சொல்கிறார். அம்மரம் நீலகிரியின் சோலைகளையும் புல்வெளிகளையும் தின்றுவிட்டது என்ற வருத்தமும் நியாயமானதே. நன்மை செய்த பொருள் எல்லாவிடத்தும் நன்மையே செய்யும் என்பதற்கில்லை.

ஓமத்தின் கதை இதனினும் சுவையானது. முதல் உலகப்போர் மூளும்வரை இந்திய ஓமம் கப்பலேறி செருமனிக்குச் சென்றது. அங்கே தைமாலாகப் பிரிக்கப்பட்டு மீண்டும் உலகச் சந்தைக்கு வந்தது. 1914இல் போர் வந்து அவ்வழி அடைபட்ட பின்னரே, விதை விளையும் நாட்டிலேயே உப்பைப் பிரித்தெடுக்கும் முயற்சி வலுப்பெற்றது. அந்நாளில் கொக்கிப்புழுவுக்கு மருத்துவர் தந்த மருந்து தைமாலே. குழந்தைக்கு வயிறு உப்பினால் ஓமத் தண்ணீர் தரும் நம் வழக்கமும், பல்வலிக்கு இப்புட்டியின் சொட்டைப் பஞ்சில் நனைத்து வைக்கும் ஐதராபாத்து வழக்கமும் ஒரே விதையினின்று பிறந்தவை.

கற்பூரம், புதினா உப்பு, ஓம உப்பு ஆகிய மூன்று கட்டிப்பொருள்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கல்வத்தில் இட்டால், தீயுமின்றி நீருமின்றி அவை உருகி நீர்மமாகும். ஒன்றன் உருகுநிலையை மற்றொன்று தாழ்த்திவிடுவதே காரணம். இதனைக் கண்ட பண்டைய கடைக்காரர் ஒருவர் மாயம் என்றே கருதியிருக்கக் கூடும். இம்மூன்றன் கூட்டை அமிர்ததாரை என்ற பெயரில் நாடெங்கும் விற்றனர்.

நிறத்துக்கு இடும் ரதன்ஜோத்தில் ஒரு சிக்கல் உண்டு. அதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். கூந்தல் எண்ணெய் சிவக்க நாம் இடும் வேம்பாளம்பட்டையும் இதுவும் ஒன்றெனப் பலர் சொல்வர். கடைகளிலும் ஒன்றற்குப் பதில் மற்றொன்றைத் தருவர். தாவரநூலார் கூற்றுப்படி வேம்பாடம் என்பது ஒரு பெருங்கொடியின் பட்டை. அதன் இலத்தீன் பெயரிலேயே மதராசப்பட்டினம் இடம்பெற்றுள்ளது. ரதன்ஜோத்தோ குளிர்நாட்டுச் செடியினத்தின் வேர். இரண்டும் தண்ணீரில் நிறம் விடாமல், எண்ணெயில் மட்டும் செந்நிறம் ஈனும். கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றுவதைப் பெயரும் ஒன்றாக்கிவிட்டது. மருந்துக் கடையில் பெயரை மட்டும் நம்பி வாங்குவோர்க்கு இஃது ஓர் எச்சரிக்கை.

பயன்படுத்தும் முறைகள் பலவாகும். தலைபாரத்துக்கு நெற்றியில் தடவுதல், சளிக்கு வெந்நீரில் ஓரிரு சொட்டு விட்டு ஆவி பிடித்தல், இருமலுக்குத் தேநீரிலோ வெந்நீரிலோ சொட்டு விட்டுப் பருகுதல், வயிற்றுவலிக்கும் அவ்வாறே, மூட்டு வலிக்கும் பூச்சிக்கடிக்கும் மேற்பூச்சு. பழைய ஐதராபாத்துக்காரரைக் கேட்டால் இதனால் தீராதது எதுவுமில்லை என்பர். அங்கேதான் நாம் சற்றுத் தயங்கி நிற்க வேண்டும்.

இம்மருந்தில் உண்மை இல்லாமலில்லை. யூகலிப்டஸ் எண்ணெயின் உயிர்ப்பொருள் சினியோல். அதனைத் தனியே பிரித்துச் சிறு குளிகை உறைகளில் இட்டு, மூச்சுக்குழல் அழற்சிக்கும் சைனஸ் வீக்கத்துக்கும் செருமனியில் மருந்தாகவே தருகின்றனர், ஆய்வுகளும் நடந்துள்ளன. தைமால் கிருமிகளை அழிக்கும். புதினா உப்பின் செயல் வேடிக்கையானது. அது தோலிலும் மூக்கின் உட்புறத்திலுமுள்ள குளிர் உணரும் வாயில்களைத் தூண்டுகிறது. அவ்வாயில் எதுவென 2002இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவரும், வெப்பமும் தொடுதலும் உடலுக்கு எவ்வாறு புலனாகின்றன என்ற ஆய்வுக்காக 2021இல் நோபல் பரிசு பெற்றனர். எனவே மெந்தால் முகர்ந்தவருக்கு மூக்கு திறந்தது போல் தோன்றும். அடைப்பு உண்மையில் அவ்வளவு நீங்கியிருப்பதில்லை. தோன்றுவதும் நோயாளிக்கு ஒரு நன்மையே. இரவில் உறக்கம் வருகிறதன்றோ! ஆனால் உறக்கம் வந்ததால் நோய் போயிற்று என எண்ணுதல் தவறு.

இங்கே நம் தாய்மார்களுக்குச் சிறப்பாக ஒன்று கூற வேண்டும். கைக்குழந்தைக்குச் சளி என்றால் மூக்கடியில் ஒரு சொட்டுத் தடவும் வழக்கம் நம் குடியிருப்புகளில் நெடுநாள் இருந்தது. அதனை அறவே விட வேண்டும். கற்பூரமும் மெந்தாலும் சிசுவின் மூச்சை நிறுத்திவிடக்கூடும். யூகலிப்டஸ் எண்ணெயைச் சிறு குழந்தை சில மில்லி விழுங்கினாலும் வலிப்பும் மயக்கமும் வரும், கற்பூரமும் அத்தகையதே. கற்பூரத் தைலத்தை விளக்கெண்ணெய் என மயங்கிக் குழந்தைகளுக்குப் புகட்டிய தீநிகழ்ச்சிகளால், அதன் விற்பனையை 1982இல் அமெரிக்க அரசு தடுத்துவிட்டது. புட்டி சிறிது, நிறம் சர்பத்துப் போன்றது, எட்டும் உயரத்தில் வைப்பது எளிது. இம்மூன்றும் சேர்ந்ததே இடர். அஞ்சறைப் பெட்டியில் உள்ள ஓமத்தைக் குழந்தை அள்ளித் தின்றால் காரத்தில் தானே துப்பிவிடும். ஓமத்தின் உப்பைப் பிரித்து எண்ணெயில் கரைத்த பின் நிலைமை அதுவன்று. மூலிகை என்ற சொல் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுகிறது. நூற்றுக்கணக்கான இலைகளின் சாரம் ஒரு தேக்கரண்டியில் இருக்கிறதென்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

காய்ச்சல் பற்றியும் அவ்வாறே. ஐதராபாத்தில் மழை ஓய்ந்தபின் டெங்குவும் மலேரியாவும் வருகின்றன. உடல்வலியை இப்புட்டி மறைக்கும். குருதித் தட்டுகள் குறைவதை மறைக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது இம்மருந்தின் விற்பனை பெருகிற்று. அச்சம் கொண்ட மக்கள் அறிந்த மணத்தைத் தேடி ஓடினர். அதற்காக அவர்களை எள்ளி நகையாடுதல் நமக்கு ஒவ்வாது. மூச்சுக்காற்று உருளைக்கு ஊர் முழுதும் அலைந்த நாட்களில், கைக்கு எட்டிய ஆறுதல் அது. மூச்சுத் திணறல் கண்டும் ஆவி பிடித்தே இரண்டு நாள் கழித்தவர்களை எண்ணும்போதுதான் மனம் கனக்கிறது.

சட்டத்தின் பார்வையும் அறியத்தக்கது. மாய மருந்துகள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்க 1954இல் இந்திய அரசு ஒரு சட்டம் இயற்றிற்று. மாயம் என்பதையே பெயராகக் கொண்ட மருந்து அதற்கு முன்பே முப்பத்து நான்கு ஆண்டுகள் விற்பனையில் இருந்தது! சட்டம் பெயரைத் தடுக்கவில்லை. குறிப்பிட்ட சில நோய்களைத் தீர்ப்பதாகச் சொல்லும் விளம்பரத்தையே அது தடுத்தது. 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்துள் ஆயுர்வேத, யூனானி மருந்துகள் கொண்டுவரப்பட்டது 1964ஆம் ஆண்டுத் திருத்தத்தால். அதன்பின் உரிமம் இல்லாமல் இத்தகைய மருந்தைச் செய்து விற்க இயலாது. மேலுறையில் கூட்டுப்பொருள் பட்டியல் இருக்கும். அதனை வாங்குவோர் படிக்க வேண்டும். உருதும் தெலுங்கும் தெரியாதெனின், தெரிந்த பிள்ளைகளைப் படிக்கச் சொல்லலாம். நம் வீடுகளில் அம்மொழிகளைச் சரளமாகப் படிப்போர் இப்போது பேரப்பிள்ளைகளே.

1948 செப்டம்பரில் நிசாம் அரசு முடிந்தது. 1956இல் ஐதராபாத்து மாநிலமே மூன்றாகப் பிரிந்து ஆந்திரத்துக்கும் மராட்டியத்துக்கும் கருநாடகத்துக்கும் சென்றது. 2014இல் தெலுங்கானம் தனி மாநிலமாயிற்று. இவ்வளவு எல்லைக்கோடுகள் மாறியும், அந்தப் பழைய நாட்டின் நிலப்பரப்பில் மூலைக்கடை ஒவ்வொன்றிலும் கரிய வீரனின் உருவம் தொங்கியே வந்துள்ளது. நாடு மறைந்த பின்னும் அதன் மணம் நின்றது.

இதற்கு எதிர்த்திசையில் சென்ற ஒரு மருந்தையும் நாம் அறிவோம். கிருஷ்ணா மாவட்டத்துத் தெலுங்கராகிய காசிநாதுனி நாகேசுவரராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம் 1914இல் சென்னைக்கு வந்து, இசைக் கச்சேரிகளில் இலவசமாகக் கைமாறி, தமிழ் வீடுகளின் மஞ்சள் தைலமாகவே ஆகிவிட்டது. அது தெலுங்கர் செய்தது என்பதை நம்முள் எத்தனை பேர் நினைத்திருப்போம்? மௌலா அலியிலிருந்து விடுமுறைக்குத் திருச்சிக்கோ தஞ்சைக்கோ சென்ற நம் குடும்பங்கள் போகும்போது திலிஸ்மாத் புட்டி இரண்டைக் கொண்டு சென்றன. திரும்பும்போது அமிர்தாஞ்சனமும், உதகை சென்றுவந்த உறவினர் தந்த நீலகிரித் தைலமும் கொண்டு வந்தன. மூன்று மூடிகளையும் திறந்து அருகருகே முகர்ந்து பார்த்தால், கற்பூரத்தையும் மெந்தாலையும் யூகலிப்டஸையும் ஒன்றினின்று ஒன்றாகப் பிரித்தறியப் பயிற்சி பெற்ற மூக்கு வேண்டும். நிறத்தால் மட்டும் எவரும் சொல்லிவிடலாம்: சிவப்பு ஐதராபாத்து, மஞ்சள் சென்னை, நிறமற்றது நீலகிரி.